உடற்பருமன் அறுவைச் சிகிச்சை: எவருக்கு எது?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த சகோதரி, இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை நான் தொடாமல் ஒதுக்கியதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "டீச்சர், நீங்க பண்ணிக்கிட்டது ஸ்லீவா, பைபாஸா? எதுங்க நல்லது?" நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "ஸ்லீவ்தாங்க நல்லது. எங்க மச்சினர் பொண்ணு பண்ணிக்கிட்டா. சின்ன ஆபரேஷன், மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரசம் வந்தது, பேச்சு நின்றது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, பந்தியில் பாதியில் நின்ற அந்தப் பதிலையே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

நான் மருத்துவர் அல்ல. முப்பது ஆண்டுகள் புனே நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பித்தவள். கரும்பலகையில் இரைப்பைப் படம் எத்தனை முறை வரைந்திருப்பேனோ தெரியாது. என் இரைப்பையைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது ஐம்பத்தைந்து வயதில்தான். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான அறுவை நடந்தது. எனக்கு 2019 நவம்பரில் பைபாஸ். என் நாத்தனாருக்கு 2021-இல் ஸ்லீவ். ஊரும் ஒன்று, மருத்துவரும் ஒருவரே. ஆனால் எனக்கு ஸ்லீவ் செய்திருந்தால் அது தவறாகியிருக்கும். அவளுக்கு பைபாஸ் செய்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே "எது நல்லது" என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்.

முதலில், இந்த அறுவை யாருக்கு? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே பி.எம்.ஐ. அப்போது என் எடை 89 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர்; கணக்கு 37.5 என்று வந்தது. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை போன்ற நோய் இருந்தாலோதான் அறுவை. 2022-இல் உலக, அமெரிக்க அறுவை நிபுணர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து அந்த எல்லையைத் தளர்த்தின. 35 ஆனாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம், 30-க்கு மேல் சர்க்கரை நோய் முதலியன இருந்தால் பரிசீலிக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன.

நமக்கு மட்டும் ஏன் குறைந்த எண் என்பதற்கு விளக்கம் நம் ராஸ்தா பேட்டையிலேயே இருக்கிறது. அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் லண்டன் நண்பர் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கும் உடம்பு நம்முடையது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெளியேயும் இருந்தது அல்லவா.

காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு வேறு. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியின்படி, பி.எம்.ஐ. 40 வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், மற்ற வழிகளில் முயன்று பலன் இல்லாமற் போயிருக்க வேண்டும். மருத்துவர் "செய்யலாம்" என்பதும் காப்பீடு "தருவோம்" என்பதும் ஒன்றல்ல. எங்கள் பழைய பாலிசியில் இது இல்லவே இல்லை; கைக்காசுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். பதினோரு ஆண்டுச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முதலில் போன ஒரு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஆலோசகர் என்று ஒரு பெண் அமர்ந்து, வண்ணப் படங்களைக் காட்டி, "குடலைத் தொடவே மாட்டோம் மேடம், இரைப்பையை மட்டும் சின்னதாக்கிடுவோம், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை" என்றார். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்தார். ரத்தம், ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன், அவ்வளவுதான். ஸ்லீவ் என்று தேதியும் குறித்தாயிற்று. என் கணவர்தான், "புடவை எடுக்கவே நாலு கடை ஏறுவே, இதுக்கு ஒரே கடையா?" என்றார். அதனால்தான் இரண்டாவது மருத்துவரிடம் போனோம்.

அவர் வயதானவர். என் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" மூன்று, என்றேன். தட்டையாகப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும். பல வருடமாக ஜெலுசில் குடித்துச் சமாளித்து வந்தேன். அதை ஒரு நோயாகவே நான் யாரிடமும் சொன்னதில்லை. "எண்டாஸ்கோப்பி எடுத்தார்களா?" இல்லை. மறுநாளே எடுத்தார். இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் துவாரம் வழியே நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தால் வெந்து புண்ணாகியிருந்தது. "உங்களுக்கு ஸ்லீவ் செய்யக் கூடாது" என்றார்.

ஏன் கூடாது என்பதை விளங்கிக்கொள்ள, இரண்டு அறுவைகளும் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. இரைப்பை ஒரு பை. அதன் வெளிப்புற வளைவை மேலிருந்து கீழாக வெட்டித் தைத்து, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வெட்டியெறியும் பகுதியில்தான் 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானியர் கண்டுபிடித்தது. ஆகவே இடம் குறைவதோடு பசியும் குறைகிறது. இந்த அறுவை தனியாகப் பிறந்ததல்ல. மிக அதிக எடையுள்ளவர்களுக்குப் பெரிய அறுவை ஒன்றை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் முடிந்ததுமே பலருக்கு எடை நன்றாக இறங்கிவிட, அதுவே தனிச் சிகிச்சையாயிற்று. குடல் இணைப்பு எதுவும் இல்லாததால் நேரம் குறைவு. சத்துக் குறைவும் ஒப்பீட்டளவில் குறைவு. பந்தியில் அந்த அம்மா சொன்னது இந்த அளவில் சரியே.

ஆனால் அந்தக் குழாயின் கீழ் முனையில் ஒரு வால்வு இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. பற்பசைக் குழாயின் ஒரு முனை மூடியிருக்க, மறுமுனை லேசாகத் திறந்திருக்கும்போது நடுவில் அழுத்தினால் என்ன ஆகும்? மேல் பக்கமாகத்தான் பிதுங்கும். ஸ்லீவுக்குப் பிறகு பலருக்கு நெஞ்செரிச்சல் வருவதும், இருந்தது அதிகமாவதும் இதனால்தான். சுவிட்சர்லாந்தில் 217 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் நெஞ்செரிச்சல் மோசமானவர்கள் ஸ்லீவில் 31.8 சதவீதம், பைபாஸில் 6.3 சதவீதம். பின்லாந்தில் 240 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில், பத்து ஆண்டு முடிந்தபின் எண்டாஸ்கோப்பி செய்து பார்த்தவர்களில், உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31, பைபாஸில் 7 சதவீதம். எடை குறைந்ததில் இவ்வளவு வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே பின்லாந்து ஆய்வில், பத்தாண்டு முடிவில் கூடுதல் எடையில் பைபாஸ்காரர்கள் இழந்தது 50.7 சதவீதம், ஸ்லீவ்காரர்கள் இழந்தது 43.5. விளம்பரங்களில் எடைக் கணக்கு மட்டும் வரும். நெஞ்செரிச்சல் கணக்கு வராது.

பைபாஸ் வேறு வழி. 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கியது. குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை. இன்று செய்யும் முறையில், இரைப்பையின் உச்சியில் இரண்டு மேஜைக்கரண்டி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துவிட்டு, சிறுகுடலைக் கீழே வெட்டி மேலே கொண்டுவந்து அதனுடன் இணைக்கிறார்கள். மீதி இரைப்பையை எடுப்பதில்லை; அது உள்ளேயே சும்மா இருக்கும். அதன் சாறும் பித்தநீரும் கணைய நீரும் தனி வழியாக வந்து ஒரு மீட்டருக்கும் அதிகமான தூரம் தள்ளி உணவோடு சேரும். இரண்டு ஓடைகள் கூடும் இடம் ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல இருக்கும். அப்படிக் குடலை இணைக்கும் முறையை லோசானில் இருந்த ரூ என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சிறு பையில் அமிலம் சுரப்பது மிகக் குறைவு. பித்தநீர் மேலே ஏற வழி இல்லை. ஆகவே நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது மருந்தாகவே அமைகிறது. சர்க்கரை நோயிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். வட கரோலினாவைச் சேர்ந்த டாக்டர் போரீஸ் 1995-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, யார்தான் நினைத்திருப்பார்கள் என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். உணவு முன்சிறுகுடலைத் தாண்டிச் சீக்கிரமே கடைக்குடலை எட்டுவதால் அங்கே சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் கூடுவது ஒரு காரணம். ஸ்லீவிலும் இது ஓரளவு நடக்கிறது. எனக்கு ஒன்பதாம் நாள் இன்சுலினை நிறுத்தினார்கள். அன்று நான் அழுதது வலியால் அல்ல.

என் நாத்தனார் கதைக்கு வருவோம். பிம்ப்ரியில் இருக்கிறாள், அப்போது 41 வயது, 103 கிலோ, பி.எம்.ஐ. 41. சர்க்கரை இல்லை, நெஞ்செரிச்சல் இல்லை. உறங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். அவள் கணவர் பயந்து எழுப்பிவிடுவார். என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எனக்கும் உங்களுக்குச் செஞ்சதையே செய்யச் சொல்லுங்க" என்றாள். அதே மருத்துவர் அவளிடம் வேறு கேள்வி கேட்டார்: "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் அம்மா?" அவளுக்கு முடக்குவாதம். வலி மாத்திரை இல்லாமல் காலையில் விரல் மடங்காது. பைபாஸில் பையும் குடலும் சேரும் தையலில் வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும். அது ரத்தம் கசியும், ஓட்டைகூட ஆகலாம். (புகை பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.) அவளுக்கும் எண்டாஸ்கோப்பி எடுத்தார்கள். உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. ஸ்லீவ் என்று முடிவாயிற்று. இன்று அவள் 71 கிலோ. லேசான நெஞ்செரிச்சல் மூன்றாம் வருடம் தலைகாட்டியது. ஒரு மாத்திரையில் அடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டாஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "எரிச்சல்தான் இல்லையே" என்று அவள் தள்ளிப்போட முடியாது. எரிச்சல் இல்லாமலும் புண் இருக்கும்.

இவை இரண்டும் போக வேறு முறைகளும் காதில் விழும். நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் மினி பைபாஸில் நீளமான குழாய்ப் பை, குடலோடு ஒரே ஓர் இணைப்பு. நேரம் குறைவு, எடை நன்றாக இறங்குகிறது. 2019-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் எடைக்குறைவில் பழைய பைபாஸுக்கு இது இளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைவும் அதிகம். குடலில் எவ்வளவு தூரத்தைத் தாண்டி இணைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் அந்த நீளத்தை அவசியம் கேளுங்கள். பருப்பும் தயிரும் தரும் புரதமே நமக்குச் சொற்பம், அதிலும் பாதி உறிஞ்சாமல் போனால் முடி கொட்டுவதோடு நிற்காது, கால் வீங்கும். இதைவிடவும் அதிகமாகக் குடலை விலக்கும் 'டியோடினல் ஸ்விட்ச்' எடையையும் சர்க்கரையையும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகக் குறைக்கும். சத்துக் குறைவும் அதற்கேற்ப. இரைப்பையில் சிலிக்கான் வளையம் மாட்டும் 'பேண்ட்' ஒரு காலத்தில் பிரபலம். வளையம் நழுவியும் அரித்தும் எத்தனையோ பேருக்குத் திரும்பக் கழற்ற வேண்டி வந்ததால் இன்று பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர். பலூன் என்பது அறுவையே அல்ல. ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள்.

"இப்பத்தான் ஊசி வந்துடுச்சே டீச்சர், எதுக்கு வெட்டணும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. ஆய்வுகளில் வீகோவி சராசரி 15 சதவீதம், மவுஞ்சாரோ அதிக அளவில் 20 சதவீதம் எடையைக் குறைத்தன. ஆனால் வீகோவியை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனக்கு அப்போது இந்த ஊசிகள் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் முயன்றிருப்பேன்.

அறுவைக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி விளம்பரத்தில் வராததைச் சொல்கிறேன். பைபாஸில் விலக்கப்படும் முன்சிறுகுடலில்தான் இரும்புச் சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுகின்றன. பி12 உறிஞ்ச இரைப்பைச் சாறு வேண்டும், அதுவும் ஒதுங்கிவிடுகிறது. ஆகவே மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மருந்துக் கடைக்குப் போகப் பயந்து, "நல்லாத்தானே இருக்கேன்" என்று பி12 ஊசியையும் சத்து மாத்திரைகளையும் பல மாதம் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது, செருப்பு நழுவினாலும் தெரியவில்லை. முப்பது வருடம் வைட்டமின் குறைபாட்டு நோய்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான்! ஊசிகள் போட்டு, இரும்புச் சத்தை நரம்பு வழியே ஏற்றி மீண்டேன். இடது காலில் கொஞ்சம் மரமரப்பு இன்னும் இருக்கிறது. தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அவசரமானது. தயமின் குறைந்தால் சில வாரங்களிலேயே மூளையும் நரம்பும் கெடும். எந்த அறுவையானாலும் இது பொருந்தும்.

சர்க்கரைப் பொங்கலை ஒதுக்கிய காரணமும் இதுதான். வால்வு இல்லாத சிறு பையிலிருந்து இனிப்பு நேரே குடலுக்குள் பாயும். ஒரு கல்யாணத்தில் ஆசைக்கு அரைக் கரண்டி பால்பாயசம் சாப்பிட்டேன். பத்து நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்தது. மண்டபத்து மாடியில் யாரோ ஒருவர் அறையில் படுத்துக் கிடந்தேன். இனிப்பைக் கண்டால் கை நீளும் எனக்கு அது ஒரு காவல்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அப்படித் தோன்றாது. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் இரண்டு கரண்டி சாதம். சாப்பிட்டவுடன் காபி, டீ கூடாது. இரும்புச் சத்தைத் தடுக்கும். இந்தக் கடைசி விதியைத்தான் அதிகம் மீறுகிறேன்.

எடை? ஒன்றரை ஆண்டில் 60 வரை இறங்கி, இப்போது 66. இன்சுலின் திரும்பவில்லை, ஆனால் நான்காம் ஆண்டு ஒரு மாத்திரை திரும்பி வந்தது. மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார். நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களுக்குக் கணையம் ஏற்கெனவே களைத்திருக்கும். எந்த அறுவையும் அதைப் புதிதாக்குவதில்லை. இரவில் ஒரே தலையணைதான்.

பொங்கல் பந்தியில் கேட்ட சகோதரிக்கு நான் அன்று சொல்ல முடிந்தது ஒன்றுதான்: எந்த அறுவை என்று பேசும் முன் எண்டாஸ்கோப்பி எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், நெஞ்செரிச்சலை மறைக்காதீர்கள். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். உணவுக்குழாய் நன்றாக இருக்கிறதாம், இரைப்பையில் எச்.பைலோரி கிருமி இருக்கிறதாம். பதினான்கு நாள் மாத்திரை கொடுத்து, அது போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் அறுவை பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்களாம். "முன்பணம் கட்டிடலாம்னு இருந்தேன் டீச்சர், நல்ல வேளை" என்றார். ஸ்லீவா, பைபாஸா என்று இன்னும் முடிவாகவில்லை.